இரண்டு கோடியே எழுபதாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு: தேதி தவறான டேக்கில் உட்கார்ந்தபோது நடந்தது

"மார்ச் 12, 2007, மாலை 5 மணி, மத்திய நிலை நேரம்" என்று ஒரு நிகழ்ச்சியின் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கண்ணால் படிப்பவருக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. அதே வரியை, திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் வழியாகக் கேட்டவருக்கோ, ஆங்கிலத்தில் ஒலித்ததைத் தமிழில் சொன்னால், காதில் விழுந்தது இதுதான்: "இரண்டு கோடியே எழுபதாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு டி ஆயிரத்து எழுநூறு கோடு பூஜ்யம் ஆறு."

2007 ஏப்ரல் 27 அன்று ஜேம்ஸ் கிரெய்க், புரூஸ் லாசன் இருவரும் வெப் ஸ்டாண்டர்ட்ஸ் ப்ராஜெக்ட் தளத்தில் இந்தக் கோளாறை எடுத்துக்காட்டோடு வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு பிபிசி தன் நிகழ்ச்சிப் பக்கங்களிலிருந்து, தேதியை இயந்திரத்துக்காகக் குறிக்கும் அந்த மார்க்கப் முறையையே எடுத்துவிட்டது. 2009இல் ஒரு மாற்று வழி வந்தது. 2011இல் எச்டிஎம்எல்லின் டைம் டேக் ஒரு முறை நீக்கப்பட்டுத் திரும்பவும் வந்தது. தேதியையும் இடத்தையும் இயந்திரத்துக்குப் புரியும்படி எழுதுகிற யாரும் இன்று பின்பற்றும் வழக்கங்களில் பாதி இந்த நான்கு ஆண்டுச் சச்சரவில் பிறந்தவை. அந்தச் சச்சரவு எதைப் பற்றியது என்று தெரியாமல் அவற்றைப் பின்பற்றும்போதுதான் பழைய தவறு புதிய உடையில் திரும்பி வருகிறது.

படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கீழே வரும் மதிப்புகளில் "டி" என்று எழுதியிருக்கும் இடத்தில், உண்மையான கோப்பில் "டைம்" என்ற சொல்லின் முதல் எழுத்தான ஆங்கிலப் பெரிய எழுத்து இருக்கும். தேதி முடிந்து நேரம் தொடங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். "இஸட்" என்பதும் அப்படியே. அது யுடிசி எனும் உலகப் பொது நேரத்தைக் குறிக்கும்.

அவர்கள் ஏன் அங்கே வைத்தார்கள்

மைக்ரோஃபார்மட்ஸ் இயக்கம் 2005இல் தொடங்கியது. புதிய டேக் எதையும் உருவாக்காமல், இருக்கிற எச்டிஎம்எல்லின் கிளாஸ் பண்பில் ஒப்புக்கொண்ட பெயர்களை எழுதினால் போதும் என்பது அதன் கொள்கை. டான்டெக் செலிக், பிரையன் சுடா இருவரும் தொகுத்த எச்கேலண்டர், 1998இல் வந்த ஐகேலண்டர் என்ற நாட்காட்டிக் கோப்புத் தரத்தின் பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டது. தொடக்க நேரத்துக்கு டிடிஸ்டார்ட், முடிவுக்கு டிடிஎண்ட், இடத்துக்கு லொகேஷன். பக்கத்தில் இருக்கும் நிகழ்ச்சியை ஒரே சொடுக்கில் நாட்காட்டியில் சேர்த்துக்கொள்ள இது வழிவகுத்தது.

பெயரும் இடமும் பக்கத்தில் எழுதியபடியே இயந்திரத்துக்கும் போதும். தேதிதான் சண்டித்தனம் செய்தது. "12/3" என்பது ஒரு நாட்டில் மார்ச் 12, இன்னொரு நாட்டில் டிசம்பர் 3. "வரும் செவ்வாய்" என்பது எழுதிய நாளைப் பொறுத்தது. ஆகவே மனிதருக்கு ஒரு வடிவம், இயந்திரத்துக்கு ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தர வடிவம் என்று இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. 1999இன் எச்டிஎம்எல் 4.01இல் அதற்கென்று ஒரு டேக் இல்லை. கைக்கு எட்டியது ஆப்ர், அதாவது சுருக்கச் சொல்லுக்கான டேக். அதன் டைட்டில் பண்பில் விரிவாக்கத்தை எழுதலாம். "மார்ச் 12" என்பது முழுத் தேதியின் சுருக்கம்தானே என்பது வாதம். கிளாஸ் பண்பில் டிடிஸ்டார்ட், டைட்டில் பண்பில் 20070312டி1700-06, டேக்கின் உள்ளே மனிதர் படிக்கும் தேதி.

இதை அசட்டையான முடிவு என்று ஒதுக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கும் தகவல் கவனிப்பாரற்றுக் கெட்டுப்போகும் என்று அந்த இயக்கத்தார் உறுதியாக நம்பினார்கள். அந்த நம்பிக்கை சரிதான். டைட்டில் பண்பில் இருப்பது மவுஸை மேலே வைத்தால் சிறு பெட்டியில் தெரியும்; முழுதாக ஒளிந்த தகவலைவிட அது மேல் என்று எண்ணினார்கள்.

எங்கே உடைந்தது

ஆப்ர் டேக்கின் டைட்டில் ஏற்கெனவே வேறொருவருக்கு ஒதுக்கப்பட்ட இடம். சுருக்கச் சொல்லின் விரிவு தெரியாத மனிதருக்காக அது இருந்தது. ஜாஸ், அந்நாளில் இருந்த விண்டோ-ஐஸ் போன்ற ஸ்கிரீன் ரீடர்களில் "சுருக்கங்களை விரித்துப் படி" என்று ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கி வைத்திருப்பவருக்கு, டேக்கின் உள்ளே இருக்கும் எழுத்துக்குப் பதிலாக டைட்டிலில் இருப்பதே படித்துக் காட்டப்படும். "மார்ச் 12" போய் இரண்டு கோடி வந்தது இப்படித்தான்.

வடிவமும் சேர்ந்து கெடுத்தது. 20070312 என்று கோடில்லாமல் எட்டு இலக்கங்களை ஒட்டி எழுதினால் பேச்சு மென்பொருளுக்கு அது ஓர் எண். 2007-03-12 என்று கோடு போட்டு எழுதினால் குறைந்தபட்சம் ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனியாக ஒலிக்க வாய்ப்புண்டு. அதனால்தான் முதலுதவியாக "கோடு போட்டு எழுதுங்கள், முடிந்தால் தேதியை மட்டும் எழுதுங்கள்" என்ற அறிவுரை வந்தது. அது வலியைக் குறைத்தது, நோயைத் தொடவில்லை. 19:30+01:00 என்ற வாலை யார் படித்துக் காட்டினாலும் அது வாக்கியம் ஆகாது.

கண்ணால் படிப்பவரும் தப்பவில்லை. மவுஸ் அந்தத் தேதியின் மேல் போனால் 20070312டி1700-06 என்று ஒரு மஞ்சள் பெட்டி எழும். எழுத்துகளைக் கோத்துப் படிப்பதிலேயே சிரமப்படுகிற ஒருவருக்கு அது தேவையில்லாத இடையூறு.

இப்போது அந்த மதிப்பின் கடைசி மூன்று குறிகளை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்: -06. அமெரிக்க மத்திய நேரம் யுடிசிக்கு ஆறு மணி நேரம் பின்னே என்பது குளிர்கால நிலை நேரம். 2005இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2007இலிருந்து அமெரிக்காவில் கோடை நேரம் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்றே தொடங்குகிறது. அந்த ஆண்டு அது மார்ச் 11. ஆக மார்ச் 12 அன்று அந்தப் பகுதியின் சுவர்க் கடிகாரங்கள் -05இல் ஓடிக்கொண்டிருந்தன. "மத்திய நிலை நேரம்" என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் -06 சரி. ஆனால் 17:00-06 என்பதை யுடிசிக்கு மாற்றினால் 23:00. அங்கே கடிகாரம் அப்போது காட்டுவது மாலை 6 மணி. பக்கத்தைப் படித்தவர் 5 மணிக்குப் போவார். நாட்காட்டியில் ஏற்றிக்கொண்டவருக்கு மணி அடிப்பது 6 மணிக்கு.

இந்த வழக்கிலேயே மிகவும் பயனுள்ள பாடம் இதுதான் என்று கருதுகிறோம். மதிப்பு தவறான இடத்தில் இருந்தது எல்லார் கண்ணிலும் பட்டது. மதிப்பு தந்த நேரமே ஒரு மணி தள்ளி நின்றதை, மனிதர் படிக்கும் வரியும் இயந்திரம் படிக்கும் வரியும் தனித்தனியாக இருந்ததால், எளிதில் யாரும் பார்க்க முடியாது. இரண்டையும் தனித்தனியே கையால் எழுதுகிற எந்த முறையிலும் இது நடக்கும், இன்றும் நடக்கிறது.

பிபிசி எடுத்த முடிவு

2008 ஜூனில் பிபிசி தன் நிகழ்ச்சிப் பக்கங்களிலிருந்து எச்கேலண்டரை நீக்கியது. ஒளிபரப்பு நேரங்களே உயிரான பக்கங்கள் அவை. ஒரு நாள் அட்டவணையில் பல பத்து நேரங்கள் வரும். ஒவ்வொன்றும் இலக்கக் குவியலாக ஒலித்தால் அட்டவணை முழுவதும் பயனற்றுப் போகும். மார்க்கப்பால் இயந்திரங்களுக்குக் கிடைக்கும் நன்மைக்காகப் பார்வையற்ற நேயரை விலையாகக் கொடுக்க முடியாது என்பதுதான் அந்த முடிவின் சாரம். நாங்கள் இதை முழு மனதோடு ஏற்கிறோம். இயந்திரத்துக்கான தகவல் இல்லாவிட்டால் ஒரு வசதி குறையும். மனிதருக்கான தகவல் கெட்டால் பக்கமே கெட்டது.

இடம்: அதே நோய், கூடுதலாக ஒன்று

இடத்தைக் குறிக்கும் ஜியோ மைக்ரோஃபார்மட்டிலும் இதே ஆப்ர் வித்தை கையாளப்பட்டது. டைட்டிலில் 37.386013;-122.082932 என்று எழுதி, உள்ளே ஊரின் பெயரை எழுதினார்கள். கேட்பவருக்கு ஊர் பெயர் மறைந்து பதினைந்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் ஒலித்தன. தேதியையாவது காதால் கேட்டு ஊகிக்கலாம். அட்சரேகை, தீர்க்கரேகையைக் கேட்டு எந்த மனிதரும் ஊரைக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

அந்த எண்கள் 1998இன் விகார்ட் (முகவரி அட்டைக்கான தரம்), ஐகேலண்டர் தரங்களில் இருந்த எடுத்துக்காட்டு. நடுவில் அரைப்புள்ளி வந்ததும் அங்கிருந்துதான். விகார்டில் காற்புள்ளி பட்டியலைப் பிரிக்கவும் அரைப்புள்ளி ஒரு மதிப்பின் உள்பகுதிகளைப் பிரிக்கவும் பயன்படும். அதே தரம் ஆறு தசம இடம் எழுதச் சொல்கிறது, ஒரு மீட்டருக்குள் துல்லியம் கிடைக்கும் என்று காரணமும் சொல்கிறது. கணக்கு சரி: அட்சரேகையில் ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர், ஆறாவது தசம இடம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். ஆனால் நிகழ்ச்சி நடப்பது ஒரு பூங்காவில் என்றால், அல்லது ஊர் மட்டும்தான் தெரியும் என்றால், 11 சென்டிமீட்டர் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. ஊர் பெயரை, முகவரியைப் புள்ளியாக மாற்றும் ஜியோகோடரிடம் கொடுத்தால் அது ஊரின் நடுப்புள்ளியை ஏழு தசமத்தோடு திருப்பித் தரும். அதை அப்படியே மார்க்கப்பில் ஒட்டினால் வரைபடம் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் ஊசி குத்திவிடும். தெரிந்த அளவுக்குத்தான் இலக்கம் எழுத வேண்டும். கட்டடத்தின் வாசல் தெரிந்தால் ஐந்து இடம், அது ஏறக்குறைய 1.1 மீட்டர். வளாகம் மட்டும் தெரிந்தால் நான்கு, ஏறக்குறைய 11 மீட்டர். ஊர் மட்டும்தான் தெரியும் என்றால் எண்ணே வேண்டாம், முகவரியை மட்டும் எழுதுங்கள்.

2009: தற்காலிகக் கட்டு

வேல்யூ கிளாஸ் முறை என்று மைக்ரோஃபார்மட்ஸ் குழு கொண்டுவந்ததில் உண்மையான அறிவுக்கூர்மை இருந்தது. தேதியையும் நேரத்தையும் பிரித்து இரண்டு துண்டுகளாக எழுதலாம். "18:30" என்பது மனிதருக்கும் இயந்திரத்துக்கும் ஒரே மாதிரிப் புரிகிறதே, அதை ஏன் ஒளிக்க வேண்டும்? அப்படியே பக்கத்தில் தெரியட்டும். "இந்தச் செவ்வாய்" என்பதற்கு மட்டும் 2008-06-24 என்ற தேதி தனியே இருக்கட்டும். மறைப்பதற்கு எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் இதில் வேலை செய்தது.

எதையும் காட்டவே முடியாத இடத்துக்கு வேல்யூ-டைட்டில் என்ற கிளாஸ் கொண்ட ஸ்பேன் டேக். உள்ளே ஓர் இடைவெளி மட்டும், மதிப்பு டைட்டிலில். படிப்பதற்கு உள்ளே ஒன்றுமில்லாததால் ஸ்கிரீன் ரீடர் கடந்து போய்விடும். அந்த ஓர் இடைவெளி ஏன் என்று கேட்கலாம். எச்டிஎம்எல் டைடி போன்ற துப்புரவுக் கருவிகள் முற்றிலும் காலியான ஸ்பேனைக் குப்பை என்று துடைத்துவிடும். தேதி சத்தமில்லாமல் காணாமல் போகும். வெளியீட்டுத் தடத்தில் இப்படி ஒரு கருவி இருக்கிறதா என்று பார்க்காமல் காலி டேக்கில் தகவல் வைப்பது இன்றும் ஆபத்துதான். எச்டிஎம்எல்லைச் சுருக்கும் கருவிகள் சிலவும் அதே வேலையைச் செய்யும்.

2011: தனி நாற்காலி

எச்டிஎம்எல்5 வரைவில் டைம் டேக் வந்தபோது பிரச்சினை வேரோடு தீர்ந்தது. டேட்டைம் என்ற பண்பு இயந்திரத்துக்கு மட்டுமே உரியது. அதில் விரிவாக்கம் என்ற வாக்குறுதி இல்லை, மவுஸ் பெட்டி எழாது, ஸ்கிரீன் ரீடர் பொதுவாக டேக்கின் உள்ளே இருப்பதையே படிக்கும்.

ஆனால் முதல் வரைவு முழுத் தேதியை வற்புறுத்தியது. "நவம்பர் 2011" என்றோ "1905" என்றோ எழுத வழியில்லை. 2011 அக்டோபர் இறுதியில் தொகுப்பாசிரியர் இயன் ஹிக்சன் டைம் டேக்கை எடுத்துவிட்டு, எந்த மதிப்புக்கும் பொதுவான டேட்டா டேக்கை வைத்தார். எதிர்ப்பு உடனே கிளம்பியது. 2007இல் முதல் மணியை அடித்த புரூஸ் லாசனும் அதில் இருந்தார். நவம்பரில் டைம் டேக் திரும்பி வந்தது, முன்பைவிட அகன்ற வாயோடு: ஆண்டு மட்டும், ஆண்டும் மாதமும், ஆண்டில்லாத மாதமும் நாளும், வார எண், கால அளவு எல்லாம் செல்லும். வெளியீட்டுத் தேதி என்று குறித்த பப்டேட் பண்பு மட்டும் போனது போனதுதான்.

தெரியாததை எழுதாமல் விட மொழியே இடம் கொடுத்தது, இதுதான் இந்தத் திருப்பத்தின் பெரிய லாபம். மாதம் மட்டும் தெரிந்தவர் இனி "01" என்று ஒரு பொய் நாளை இட்டு நிரப்ப வேண்டியதில்லை.

இன்று எழுதும்போது சறுக்கும் இடங்கள்

டேட்டைம் பண்பு இல்லாவிட்டால் டேக்கின் உள்ளே இருக்கும் எழுத்தே செல்லுபடியாகும் வடிவத்தில் இருக்க வேண்டும். "ஜூன் 12 வியாழன்" என்று தமிழில் எழுதினால் பண்பு கட்டாயம். பண்பின் உள்ளே 0 முதல் 9 வரையான ஆஸ்கி இலக்கங்கள் மட்டுமே செல்லும். பக்கத்தின் மொழி அமைப்பைப் பார்த்து இலக்கங்களை மாற்றும் நூலகம் ஒன்றைப் பயன்படுத்தினால், காட்டும் எழுத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், பண்புக்கு வேண்டாம். கழித்தல் குறியும் அப்படித்தான். எழுத்தழகுக்காகச் சிறு கோட்டை நீள் கோடாக மாற்றும் எடிட்டர்கள் -05:00ஐப் பார்வைக்கு ஒன்றுபோல் வைத்துவிட்டு மதிப்பைக் கெடுத்துவிடும். அட்சரேகையின் முன்னால் இருக்கும் கழித்தலுக்கும் இதே கதி நேரும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் குறியின் யூனிகோட் எண் தசமக் கணக்கில் 45-தானா என்று நிரலில்தான் சோதிக்க முடியும்.

24:00 செல்லாது, அடுத்த நாள் 00:00 என்றே எழுத வேண்டும். எச்டிஎம்எல் விநாடியை விடலாம் என்கிறது, ஆஃப்செட்டில், அதாவது யுடிசியிலிருந்து விலகும் அளவில், முக்காற்புள்ளியையும் விடலாம் என்கிறது. 2002இன் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 3339 இரண்டையும் கேட்கிறது. இரண்டிலும் செல்லும்படி 2025-06-12டி19:30:00+01:00 என்று முழுதாகவே எழுதிப் பழகினால் ஒரு கவலை குறையும். இந்த மதிப்பை இணைய முகவரியின் வினவல் பகுதியில் அனுப்பினால் கூட்டல் குறி இடைவெளியாக மாறிவிடும், அதைச் சதவீதக் குறியீடாக்கி அனுப்ப வேண்டும்.

இஸட்தான் அதிகம் ஏமாற்றுவது. உள்ளூர் நேரத்தை எழுதிவிட்டுக் கடைசியில் இஸட் ஒட்டினால் அது யுடிசி நேரம் என்று பொருள். பிரிட்டன் போன்ற இடத்தில் இந்தப் பிழை மிகவும் வஞ்சகமானது, ஏனென்றால் குளிர்காலத்தில் அங்கே உள்ளூர் நேரமும் யுடிசியும் ஒன்றே. நவம்பரில் எழுதி நவம்பரில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு வந்ததும் எல்லா நிகழ்ச்சியும் ஒரு மணி தள்ளிப்போகும். லண்டன் நேரத்தைக் கையாளும் நிரலுக்கு 2025இன் இரண்டு நாள்களைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். மார்ச் 30 அன்று அதிகாலை 01:30 என்ற நேரமே கிடையாது. அது வந்தால் நிரல் மறுக்க வேண்டும். அக்டோபர் 26 அன்று 01:30 இரண்டு முறை வரும்: முதலாவது +01:00, அடுத்தது +00:00. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத நிரலை நம்பி அட்டவணை வெளியிட வேண்டாம்.

ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு பொறிகள். தேதியை மட்டும் கொடுத்தால் அது யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளப்படும். ஆஃப்செட் இல்லாமல் தேதியும் நேரமும் சேர்த்துக் கொடுத்தால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளப்படும். ஆக 2025-06-12 என்பது யுடிசிக்குப் பின்னே ஓடும் மண்டலத்தில் இருப்பவரின் பிரவுசரில் 11 என்று தெரியும். முன்னே ஓடும் மண்டலத்தில் இருப்பவருக்கு எதிர்ப்பக்கம் அடி விழும்: உள்ளூர் நள்ளிரவை ஐஎஸ்ஓ சரமாக மாற்றி முதல் பத்து எழுத்துகளை வெட்டினால் முந்தைய நாள் வரும். தேதி மட்டும் என்றால் அதைச் சரமாகவே வைத்திருங்கள், நேரப் பொருளாக மாற்றவே வேண்டாம்.

ஜாவாவில் ஆண்டுக்கான வடிவக் குறியைப் பெரிய எழுத்தில் எழுதினால் அது வார ஆண்டைத் தரும். 2024 டிசம்பர் 30, ஐஎஸ்ஓ கணக்கில் 2025இன் முதல் வாரம். பக்கத்தில் 2025-12-30 என்று போய் உட்காரும். ஆண்டில் சில நாள்கள் மட்டும் வெளிப்படும் பிழை என்பதால் விடுமுறைக் காலத்தில், பார்க்க ஆளில்லாத நேரத்தில்தான் வரும்.

முடிவுத் தேதி தனியாகச் சொல்ல வேண்டியது. ஜூன் 12 முதல் 14 வரை மூன்று நாள் நிகழ்ச்சி. ஐகேலண்டரில் டிடிஎண்ட் என்பது நிகழ்ச்சி முடிந்துவிட்ட எல்லை, அதனால் 15 என்று எழுத வேண்டும். தேடுபொறிகளுக்கான சொற்தொகுப்பான ஸ்கீமா.ஆர்கின் எண்ட்டேட்டில் கடைசி நாளான 14ஐ எழுதுவார்கள். ஒரே தரவிலிருந்து நாட்காட்டிக் கோப்பும் மார்க்கப்பும் இரண்டும் வந்தால், இந்த ஒரு நாளைக் கூட்டும் வேலை ஏற்றுமதி நிரலில்தான் இருக்க வேண்டும். சேமிப்பில் யாராவது 15 என்று திருத்தினால் மறுநாள் காலையில் பூட்டிய கதவின் முன் ஆள்கள் நிற்பார்கள்.

தொடக்க நேரம் தெரியாவிட்டால் தேதியோடு நிறுத்துங்கள். டி00:00 என்று இட்டு நிரப்பினால் அது நள்ளிரவு நிகழ்ச்சி என்றுதான் பொருள்படும்; கூகுளின் நிகழ்ச்சி வழிகாட்டியும் இதைச் செய்யாதீர்கள் என்கிறது.

இனி வரப்போகும் நிகழ்ச்சிக்கு ஆஃப்செட்டைச் சேமிப்பில் வைக்காதீர்கள். மெக்சிகோ 2022 அக்டோபரில் நாட்டின் பெரும்பகுதியில் கோடை நேரத்தைக் கைவிட்டது. அதற்கு முன்பே 2023 ஜூன் மாத நிகழ்ச்சியை மெக்சிகோ நகருக்கு -05:00 என்று சேமித்தவர்களுக்கு எல்லாம் ஒரு மணி பிசகியது. சரியான மதிப்பு -06:00. சுவர்க் கடிகார நேரத்தையும் நேர மண்டலத்தின் பெயரையும் சேமித்து, பக்கத்தை உருவாக்கும் ஒவ்வொரு முறையும் புதுப்பித்த ஐயானா நேர மண்டலத் தரவுத்தளத்திலிருந்து ஆஃப்செட்டைக் கணக்கிட வேண்டும். மண்டலப் பெயரையும் மதிப்போடு சேர்த்து எழுத 2024 ஏப்ரலில் ஆர்எஃப்சி 9557 வழி செய்தது: ஆஃப்செட்டுக்குப் பின்னால் சதுர அடைப்பில் பெயர் வரும். சேமிப்புக்கும் பரிமாற்றத்துக்கும் அது நல்லது. டைம் டேக்கின் டேட்டைம் அதை ஏற்காது, ஆகவே பக்கத்தில் எழுதும்போது அடைப்பை வெட்டிவிட வேண்டும்.

இடத்தை இன்று எழுதுவது

இடத்துக்கென்று எச்டிஎம்எல்லில் இன்றும் தனி டேக் இல்லை. நடைமுறையில் ஸ்கீமா.ஆர்க் சொற்களை, பக்கத்தில் தெரியாத தரவு வடிவமான ஜேசன்-எல்டியில் எழுதுகிறார்கள்: பிளேஸ் என்ற வகை, அதற்குள் பெயர், போஸ்டல்அட்ரஸ், ஜியோகோஆர்டினேட்ஸ். நாட்டை இரண்டு எழுத்து ஐஎஸ்ஓ 3166 குறியால் எழுதுவது எளிது. எண்களைத் தனித்தனிப் புலங்களில் பெயரோடு எழுதுவதால் பழைய அரைப்புள்ளிச் சிக்கல் போய்விட்டது. வரிசைச் சிக்கல் மட்டும் வேறு வாசல் வழியாக வருகிறது.

ஒரு புள்ளியை இணைய முகவரி போல எழுதும் ஜியோ யூஆர்ஐ முதலில் அட்சரேகையை எழுதும். 2016இன் ஆர்எஃப்சி 7946 வரையறுத்த வரைபடத் தரவு வடிவமான ஜியோஜேசன் முதலில் தீர்க்கரேகையை எழுதும். ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் ஒட்டும்போது இடம் மாறும். அட்சரேகை 90ஐத் தாண்டினால் பிழை என்று ஒரு சோதனை வைப்பது வழக்கம், ஆனால் இரண்டு எண்ணும் 90க்குள் இருந்தால் அது ஏமாந்துவிடும். லண்டன் 51.5074, -0.1278. திருப்பினால் -0.1278, 51.5074, இந்தியப் பெருங்கடலில், சோமாலியாவுக்குக் கிழக்கே நடுக்கடல். எல்லைச் சோதனை இதைச் சிரித்த முகத்தோடு அனுமதிக்கும். முகவரியில் இருக்கும் நாட்டின் எல்லைப் பெட்டிக்குள் புள்ளி விழுகிறதா என்று பார்ப்பதுதான் வேலைக்கு ஆகும். அதே சோதனை 0,0 என்ற வெற்றுமதிப்பையும் பிடித்துவிடும். புலம் காலியாக இருந்து எண்ணாக மாறியபோது வருகிற மதிப்பு அது.

தசமக் காற்புள்ளி வழக்கில் உள்ள மொழி அமைப்பில் 37,386013 என்று அச்சாகும் எண்ணையும் கவனியுங்கள். இலக்கங்களைப் போலவே இதையும் மொழி அமைப்பைத் தொடாத வடிவமைப்பானால் எழுத வேண்டும். எண்கள் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அடிப்படையில் இருக்க வேண்டும். சீன நிலப்பகுதியின் வரைபடச் சேவைகளிலிருந்து எடுத்த புள்ளி ஜிசிஜே-02 என்ற சீன அடிப்படையில் இருந்தால், மாற்றாமல் ஒட்டும்போது நூற்றுக்கணக்கான மீட்டர் விலகி நிற்கும்.

இரண்டு பிரதிகளைச் சேர்த்துக் கட்டுவது

ஜேசன்-எல்டி ஸ்கிரிப்ட் டேக்குக்குள் இருப்பதால் எந்த ஸ்கிரீன் ரீடருக்கும் கேட்காது. 2007இன் புகாருக்கு அது முழுத் தீர்வு. ஆனால் மைக்ரோஃபார்மட்ஸ் குழு அஞ்சிய "ஒளித்த தகவல் கெடும்" என்பதற்கு அதுவே முழு உதாரணமும் ஆகிவிடுகிறது. நேரம் மாறியதும் ஆசிரியர் பக்கத்தில் தெரியும் வரியைத் திருத்துவார், ஸ்கிரிப்ட்டைத் தொடமாட்டார். அது பழைய நேரத்தையே தேடுபொறிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இதற்கு வழி, இரண்டையும் யாரும் கையால் எழுதாமலிருப்பது. சேமிப்பில் ஒரே ஒரு பதிவு: சுவர்க் கடிகார நேரம், மண்டலப் பெயர், துல்லியம் (ஆண்டா, மாதமா, நாளா, நிமிடமா), இடத்தின் முகவரி, இருந்தால் புள்ளி, அந்தப் புள்ளி வாசலா வளாகமா என்ற குறிப்பு. கண்ணில் படும் வரி, டேட்டைம், ஜேசன்-எல்டி, நாட்காட்டிக் கோப்பு நான்கும் அதிலிருந்து பிறக்கட்டும். நிகழ்ச்சி வேறு தேதிக்கு மாறினால் ஈவென்ட்ஸ்டேட்டஸில் ரீஷெட்யூல்டு என்று குறித்து, புதிய தேதியை ஸ்டார்ட்டேட்டிலும் பழையதைப் பிரீவியஸ்ஸ்டார்ட்டேட்டிலும் அந்தப் பதிவே எழுதட்டும். தள்ளிவைத்திருக்கிறார்கள், புதிய தேதி தெரியாது என்றால் போஸ்ட்போன்டு என்று குறித்துப் பழைய தேதியை அப்படியே விட வேண்டும்.

வெளியிடும் முன் ஒரு தானியங்கிச் சோதனை: உருவான பக்கத்திலிருந்து டேட்டைம் மதிப்பை எடுத்து, நிகழ்ச்சி நடக்கும் மண்டலத்துக்கு மாற்றி, பக்கத்தில் தெரியும் மணியோடு ஒப்பிடுவது. 17:00-06ஐ 2007 மார்ச் 12க்கு இந்தச் சோதனையில் போட்டால் ஒரு பக்கம் 5 மணி, மறுபக்கம் 6 மணி என்று உடனே நின்றுவிடும். அதற்குப் பிறகு ஒருவர் ஸ்கிரீன் ரீடரை இயக்கி, சுருக்கங்களை விரிக்கும் அமைப்பையும் இயக்கி, அட்டவணையின் முதல் பத்து வரிகளைக் காதால் கேட்க வேண்டும். டைம் டேக்கில் யாராவது "உதவிக்காக" டைட்டில் பண்பைச் சேர்த்திருந்தால் அது அங்கேதான் தெரியவரும்.